கலப்பினக் கோழிகளில் இறகு மரபணுக்கள் வளர்ச்சியையும் இறைச்சியையும் எந்த அளவுக்கு மாற்றுகின்றன?

கேள்வி: கலப்பினத் தேடல்

அனைவருக்கும் வணக்கம். வேகமாக வளரும் இறைச்சிக் கோழி இனத்துப் பெட்டைகளை, மெதுவாக வளரும் மொட்டைக்கழுத்து இனத்துச் சேவல்களோடு இணைத்துப் பெற்ற கலப்பினக் குஞ்சுகளை வளர்த்து, அவற்றின் எடையையும் இறைச்சி விளைச்சலையும் குறித்து வருகிறேன். சேவல்களிடம் மொட்டைக்கழுத்து மரபணு ஒரு பிரதி மட்டுமே இருப்பதால், ஒரே தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி கழுத்தில் இறகின்றியும், மறுபாதி வழக்கமான இறகோடும் பொரிக்கின்றன. இவற்றுக்குள் இன்னொரு வேறுபாடும் தெரிகிறது. சில குஞ்சுகளுக்கு இறக்கையின் முதன்மை இறகுகள் பொரித்த நாளிலேயே நீண்டு நிற்கின்றன. வேறு சிலவற்றுக்கு அவை குட்டையாக இருந்து, உடல் முழுதும் இறகு மூடுவதற்கே கூடுதல் காலம் பிடிக்கிறது. பெட்டைகள் அனைத்தும் தாமதமாக இறகு முளைக்கும் வகை. சேவல்கள் விரைவாக முளைக்கும் வகை.

மூன்று செய்திகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. வெப்பம் மிகுந்த காலத்தில் மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள் உடன்பிறந்தவற்றைவிடக் கூடுதல் எடையை எட்டுகின்றன; குளிர்ந்த காலத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அறுத்துத் துப்புரவு செய்தபின் கணக்கிடும் இறைச்சி விழுக்காடு எல்லாக் காலத்திலும் மொட்டைக்கழுத்துக் கோழிகளுக்கே சற்று உயர்வாக இருக்கிறது. தாமதமாக இறகு முளைத்தவை, விரைவாக முளைத்தவற்றைவிடத் தெளிவாகவே எடை கூடியவையாக இருக்கின்றன.

இறகைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களே தசை வளர்ச்சியிலும் நேரடியாகப் பங்கு பெறுகின்றனவா, அல்லது இறகு குறைவதால் ஏற்படும் பின்விளைவைத்தான் நான் காண்கிறேனா? தாமத இறகைத் தேர்வுக்குரிய குறியாக எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மரபணுக் குறிப்பேடு

வணக்கம். உங்கள் முதல் இரண்டு செய்திகளும் மொட்டைக்கழுத்து மரபணுவைச் சார்ந்தவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாமத இறகு முற்றிலும் வேறு கதை. அதை வேறொருவர் விரிவாக எழுதுவார் என்று நம்புகிறேன்.

மொட்டைக்கழுத்து, முழுமையற்ற ஓங்குதன்மை உடைய பண்பு, அதாவது பிரதி கூடினால் விளைவும் கூடும். ஒரு பிரதி இருந்தால் உடலின் மொத்த இறகில் ஏறத்தாழக் கால்பங்கும், இரண்டு பிரதிகள் இருந்தால் ஐந்தில் இரண்டு பங்கு வரையும் குறையும். கழுத்து மட்டும் வெறுமையாவதாகப் பெயர் சொன்னாலும், நெஞ்சிலும் தொடையிலும் இறகு வரிசைகள் குறுகிவிடுகின்றன. கோழியைக் கையில் எடுத்து நெஞ்சின் பக்கவாட்டு இறகுகளை விலக்கிப் பார்த்தால் வெறுந்தோல் அகலமாகத் தெரியும். ஒரு பிரதி உள்ள கோழிக்குக் கழுத்தின் முன்புறத்தில், தீனிப்பைக்குச் சற்று மேலே, ஒரு சிறு இறகுக் கொத்து இருக்கும். இரண்டு பிரதிகள் உள்ளதற்கு அந்தக் கொத்து இருக்காது, இருந்தாலும் ஓரிரு இறகுகளாகவே இருக்கும். பிரதிகளின் எண்ணிக்கையை ஆய்வகம் இல்லாமலேயே இப்படிப் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

இதன் மூலக்கூற்றுக் காரணம் 2011-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. ஒன்றாம் குரோமோசோமைச் சேர்ந்த ஒரு பெரிய துண்டு மூன்றாம் குரோமோசோமில் போய்ச் செருகிக்கொண்டதால், அதற்கு அருகில் உள்ள ஜிடிஎஃப் 7 என்னும் மரபணு, கரு நிலையில் தோலில் அளவுக்கு மீறி வெளிப்படுகிறது. பிஎம்பி 12 என்ற பெயராலும் இது அறியப்படுகிறது. பிஎம்பி குடும்பத்துப் புரதங்கள் இறகு மொட்டுகள் உருவாவதைத் தடுப்பவை. கழுத்துத் தோலில் வைட்டமின் ஏ-இலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் சுரப்பதால் அந்தப் பகுதி இந்தத் தடைக்கு மிக எளிதில் ஆட்படுகிறது. ஆகவேதான் கழுத்து முழுதும் வெறுமையாகிறது, மற்ற இடங்களில் இறகு குறைவதோடு நின்றுவிடுகிறது. இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டியது, நிகழ்ச்சி நடக்கும் இடம் தோல் என்பதும், காலம் முட்டைக்குள் கரு வளரும் நாட்கள் என்பதும்தான். பொரித்தபின் தசை வளரும் வாரங்களில் இந்த மரபணு தசையை நேரடியாகத் தூண்டுகிறது என்று கொள்வதற்கு இந்த விளக்கத்தில் இடமில்லை. எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: நீங்கள் காண்பது பெரும்பாலும் இறகு குறைந்ததன் பின்விளைவே.

அந்தப் பின்விளைவு இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது வெப்பம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பநிலை 41 டிகிரி செல்சியசுக்கு மேல். உள்ளே உண்டாகும் வெப்பத்தை இறகு மூடாத தோல் வழியாகவும், கொண்டை, தாடி, கால் வழியாகவும், மூச்சிரைத்தும்தான் அது வெளியேற்ற வேண்டும். சுற்றுப்புறம் 30 டிகிரியைத் தாண்டும்போது, வேகமாக வளரும் கோழி தான் உண்ணும் தீவனத்தைச் செரிப்பதாலும் தசையைக் கட்டுவதாலும் எழும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல், தீவனத்தையே குறைத்துக்கொள்கிறது. எடை குறைவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். கழுத்தும் நெஞ்சின் பக்கங்களும் திறந்திருக்கும் கோழி அந்த வெப்பத்தை எளிதாக விடுவதால், தொடர்ந்து உண்கிறது, தொடர்ந்து வளர்கிறது. குளிர்ந்த காலத்தில் இதே திறந்த தோல் வீண் வெப்ப இழப்பாக மாறி, தீவனத்தின் ஒரு பகுதி உடலைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. அப்போது எடை சமமாக இருந்தாலும், தீவனத்தை எடையாக மாற்றும் திறன் தாழ்ந்திருக்கும். உங்களிடம் தீவனக் கணக்கு தனித்தனியாக இருந்தால் அதையும் பாருங்கள். எடை மட்டும் பார்த்தால் குளிர்காலத்தில் "வேறுபாடு மறைந்தது" என்று தோன்றும். தீவனத்தைப் பார்த்தால் மொட்டைக்கழுத்துக் கோழி பின்தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது வழி புரதம். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு கிலோ எடையுள்ள கோழியின் உடலில் இறகு 5 விழுக்காடு என்று கொண்டால் 100 கிராம். ஒரு பிரதியால் கால்பங்கு குறைந்தால் 25 கிராம் இறகு முளைக்காமல் மிஞ்சுகிறது. இறகில் ஏறத்தாழ 90 விழுக்காடு புரதம்; ஆகவே 22 கிராம் அளவுக்குப் புரதம் மிச்சம். புதிய தசையில் ஐந்தில் ஒரு பங்கே புரதம் என்பதால், ஏட்டளவில் இந்த மிச்சம் நூறு கிராம் தசைக்குச் சமம். நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. இறகின் கெராட்டினில் சிஸ்டைன் மிகுதி, லைசின் மிகக் குறைவு. தசை கேட்பதோ லைசினை. மிஞ்சிய அமினோ அமிலங்கள் தசைக்குத் தட்டுப்பாடாக உள்ளவை அல்ல என்பதால், ஆதாயத்தின் பெரும்பகுதி மெத்தியோனின் தேவை குறைவதாகவே வெளிப்படும். ஏனெனில் சிஸ்டைனை உடல் மெத்தியோனினிலிருந்துதான் ஆக்கிக்கொள்கிறது. தீவனத்தில் கந்தக அமினோ அமிலங்கள் குறைவாக இருக்கும் பண்ணைகளில் இந்த மரபணுவின் பயன் கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

இனி உங்கள் இறைச்சி விழுக்காடு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. உயிர் எடையில் இறகும் அடங்கும். 2,000 கிராம் உயிர் எடையுள்ள கோழியில் துப்புரவு செய்த உடல் 1,400 கிராம் என்றால் 70 விழுக்காடு. அதே கோழிக்கு வேறு எந்த மாற்றமும் இன்றி 25 கிராம் இறகு மட்டும் குறைந்தால், 1,975-இல் 1,400, அதாவது 70.9 விழுக்காடு. ஒரு கிராம் தசைகூடக் கூடாமலேயே விழுக்காடு ஏறத்தாழ ஒரு புள்ளி உயர்ந்துவிட்டது. எனவே இறைச்சி விழுக்காட்டை உயிர் எடையால் வகுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நெஞ்சு இறைச்சியைத் துப்புரவு செய்த உடலின் பங்காகக் கணக்கிடுங்கள். கிராம் அளவையும் உடன் குறியுங்கள். வெப்பச் சூழலில் மொட்டைக்கழுத்துக் கோழிகளின் நெஞ்சு இறைச்சிப் பங்கு உண்மையாகவே உயர்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தோலிலும் தோலடியிலும் கொழுப்பு குறைவதும் பதிவாகியுள்ளது. அந்த உண்மையான உயர்வையும், வகுக்கும் எண் சுருங்கியதால் வந்த உயர்வையும் உங்கள் கணக்கு பிரித்துக் காட்ட வேண்டும்.

மறுமொழி: இசட் வழி

முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தாமத இறகைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதற்கு முன், தாமதமாக இறகு முளைத்த உங்கள் கோழிகளில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொன்ன இணைப்பில் அவை அனைத்தும் ஆணாகவே இருக்க வேண்டும்.

காரணம் எளிது. தாமத இறகைத் தரும் கே என்னும் அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்), பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோம்களில் ஒன்றான இசட்டில் அமைந்தது. விரைவு இறகின்மேல் ஓங்கும் தன்மை உடையது. பெட்டைக்கு ஒரு இசட் மட்டுமே உண்டு, சேவலுக்கு இரண்டு. தாமத இறகுப் பெட்டை தன் ஒரே இசட்டை மகன்களுக்குத் தருகிறது. மகள்களுக்கு மற்றொரு பாலினக் குரோமோசோமான டபிள்யூவைத் தருகிறது. விரைவு இறகுச் சேவலிடமிருந்து மகள்கள் விரைவு அல்லீலைப் பெறுகின்றன. ஆகவே மகன்கள் எல்லாம் தாமதம், மகள்கள் எல்லாம் விரைவு. குஞ்சுப் பொரிப்பகங்கள் முதல் நாளிலேயே இறக்கையை விரித்து ஆண் பெண் பிரிப்பது இந்த இணைப்பை வைத்துத்தான். முதன்மை இறகுகள் அவற்றை மூடும் மேலிறகுகளைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெண். இரண்டும் சம நீளமாகவோ, மேலிறகு நீண்டோ இருந்தால் ஆண். இதைப் பொரித்த முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். நாட்கள் தள்ளினால் வேறுபாடு மங்கிவிடும்.

அப்படியானால் "தாமத இறகுக் கோழிகள் எடை கூடியவை" என்பது "ஆண் கோழிகள் எடை கூடியவை" என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. இறைச்சி இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள எடை வேறுபாடு பெரிது. இறகு மரபணுவின் விளைவு இருந்தாலும் அது இந்த வேறுபாட்டுக்குள் மூழ்கிப்போகும். உங்கள் இணைப்பின் அமைப்பே இரண்டையும் பிரிக்க முடியாதபடி கட்டிவிட்டதால், எவ்வளவு கோழிகளை எடை போட்டாலும், எந்தப் புள்ளியியல் முறையைப் பயன்படுத்தினாலும் இதே தரவிலிருந்து விடை வராது. வேறு இணைப்பு வேண்டும். கே அல்லீலையும் விரைவு அல்லீலையும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்கும் சேவலை, விரைவு இறகுப் பெட்டையோடு இணைத்தால் மகன்களிலும் பாதி தாமதம், பாதி விரைவு, மகள்களிலும் அவ்வாறே. உங்கள் இப்போதைய மகன்கள் அனைத்தும் அத்தகைய சேவல்களே என்பதால், அடுத்த தலைமுறைக்குத் தேவையான சேவல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அங்கே ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிடுங்கள்.

மூலக்கூற்று அளவில், தாமத இறகு ஏன் வருகிறது என்பதை 2008-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் விளக்கினர். இசட்டில் ஏறத்தாழ 176 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள ஒரு பகுதி இரட்டிப்பாகி, பிஆர்எல்ஆர் என்னும் புரோலாக்டின் ஏற்பி மரபணுவுக்கும் எஸ்பிஇஎஃப் 2 என்னும் மரபணுவுக்கும் பாதி வடிவப் பிரதிகள் உருவாகியுள்ளன. புரோலாக்டின் பல உறுப்புகளில் செயல்படும் ஹார்மோன் என்பதால், இந்த இடத்தில் வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தேடியவர்கள் பலர். தேடுவதில் தவறில்லை. ஆனால் இசட்டின் இதே வட்டாரத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி மரபணுவும் அமைந்திருக்கிறது. அதன் பிறழ்ந்த வடிவமே குள்ளத்தன்மையைத் தருவது. இரண்டு பிரதிகள் பெற்ற சேவலின் எடையை 40 விழுக்காடு அளவுக்கும், ஒரே பிரதி உள்ள பெட்டையின் எடையை 30 விழுக்காடு அளவுக்கும் குறைக்கக்கூடிய மரபணு அது. வெள்ளி நிற இறகைத் தரும் மரபணுவும் கே-க்கு மிக அருகில்தான் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று பிணைந்தே தலைமுறை கடப்பவை. கலப்பினத்தில் தாமத இறகுக் குறிக்கும் எடைக்கும் தொடர்பு தெரிந்தால், அது இறகு மரபணுவின் வேலையா, பக்கத்து வீட்டு மரபணுவின் வேலையா என்பதை ஒரே தலைமுறைத் தரவு சொல்லாது. இரு இனங்கள் கலந்த முதல் சில தலைமுறைகளில் குரோமோசோம் துண்டுகள் மிக நீளமாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தாமத இறகைத் தேர்வுக்குரிய குறியாக வைக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் விடை. கே அல்லீலோடு ஈவி 21 என்னும் உள்ளுறை ரெட்ரோவைரசும் (கோழியின் டிஎன்ஏவிலேயே பதிந்து தலைமுறை கடக்கும் வைரஸ்) பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. அதை வெளிப்படுத்தும் தாயின் குஞ்சுகள், வெளியிலிருந்து வரும், கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் லிம்பாய்டு லூக்கோசிஸ் வைரசை எதிர்க்கும் ஆற்றல் குறைந்தவையாக அமையும் அபாயம் உண்டு. நெருக்கமாக வளர்க்கும்போது இறகு மூடாத முதுகில் நகக் கீறல்கள் விழுவதும், அவற்றில் தொற்று ஏற்பட்டு உடல் தரம் தாழ்வதும் தாமத இறகு ஆண்களில் அதிகம். ஆண் பெண் பிரிப்பதற்கு இந்த மரபணு மிக அருமையான கருவி. எடையைக் கூட்டுவதற்கான குறியாக அதை நம்புவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: கலப்பினத் தேடல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், தாமத இறகுக் கோழிகள் அனைத்தும் ஆண்களே. இறைச்சி விழுக்காட்டையும் துப்புரவு செய்த உடலை அடிப்படையாக வைத்து மீண்டும் கணக்கிடப் போகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஒரே தந்தையின் குஞ்சுகளில் மொட்டைக்கழுத்து உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிடுவதில் பிணைப்புச் சிக்கல் வராதா? அடுத்து, இரண்டு பிரதிகள் உள்ள கோழிகளை உருவாக்குவதும், சுருள் இறகு மரபணுவைச் சேர்ப்பதும் வெப்பக் காலத்தில் கூடுதல் பயன் தருமா?

மறுமொழி: மரபணுக் குறிப்பேடு

பிணைப்புச் சிக்கல் வரும். ஆனால் அது எவ்வளவு என்பது உங்கள் சேவல் எத்தகையது என்பதைப் பொறுத்தது. தூய மொட்டைக்கழுத்து இனத்துச் சேவல் என்றால், அதன் மூன்றாம் குரோமோசோம் இரண்டுமே மெதுவாக வளரும் இனத்தவை. மொட்டைக்கழுத்துப் பிரதியைச் சுமக்கும் குரோமோசோமுக்கும் மற்றதற்கும் இன அடிப்படையில் வேறுபாடு இல்லாததால், குஞ்சுகளுக்கிடையே காணும் வேறுபாட்டை அந்த மரபணுவுக்கே உரியதாக ஓரளவு துணிந்து கொள்ளலாம். இதே ஒப்பீட்டை முதல் தலைமுறைக் கலப்பினச் சேவலைக் கொண்டு செய்தால் நிலைமை மாறிவிடும். அதனிடம் மொட்டைக்கழுத்துப் பிரதி மெதுவாக வளரும் இனத்தின் குரோமோசோம் துண்டில் இருக்கும்; இணையான இடத்தில் மற்றொரு துண்டு இறைச்சி இனத்தினுடையதாக இருக்கும். அப்போது மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள் அந்த மரபணுவோடு சேர்த்து, வளர்ச்சியைத் தாழ்த்தும் அண்டை மரபணுக்களையும் பெறும். இறகு குறைந்ததால் வரும் ஆதாயத்தை இந்தச் சுமை விழுங்கிவிட்டால், "மொட்டைக்கழுத்து மரபணுவால் பயனில்லை" என்ற தவறான முடிவு கிடைக்கும். இறைச்சி இனத்தோடு தலைமுறைதோறும் மீண்டும் இணைத்து, அதாவது பின்னிணைப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நன்கு வளர்ந்த மொட்டைக்கழுத்துக் கோழிகளையே தேர்ந்தெடுத்தால்தான் அந்தத் துண்டு சுருங்கும்.

இரண்டு பிரதிகளைப் பற்றி: இறகு இன்னும் குறைவதால் கடும் வெப்பத்தில் வளர்ச்சி ஆதாயம் சற்றுக் கூடலாம். ஆனால் இரண்டு பிரதிகள் பெற்ற கருக்கள் அடைகாப்பின் கடைசி நாட்களில் இறப்பது கூடுதல் என்பதால் பொரிப்புத் திறன் தாழ்கிறது. குஞ்சுகளுக்கு முதல் வாரங்களில் கூடுதல் சூடும் தேவைப்படும். இறைச்சிக்காக வளர்ப்பதில் வழக்கமாகப் பின்பற்றும் தீர்வு, இரண்டு பிரதிகள் உள்ள சேவலை இறகுள்ள பெட்டைகளோடு இணைப்பது. அப்போது குஞ்சுகள் அனைத்தும் ஒரு பிரதி பெறும். பொரிப்பு இழப்பு சேவல் தலைமுறையை உருவாக்கும் சிறு கூட்டத்தோடு நின்றுவிடும். ஆராய்ச்சிக்கு உங்கள் இப்போதைய இணைப்பே சிறந்தது, ஏனெனில் ஒப்பிடுவதற்கு இறகுள்ள உடன்பிறப்புகள் வேண்டும். உற்பத்திக்கு அது பொருந்தாது.

சுருள் இறகின் கதை வேறு. அங்கே இறகின் எண்ணிக்கை குறைவதில்லை, வடிவம் மாறுகிறது. கேஆர்டி 75 என்னும் கெராட்டின் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் புரதத்தில் 23 அமினோ அமிலங்கள் விடுபட்டு, இறகுத் தண்டு நேராக நிற்க முடியாமல் வெளிப்புறமாக வளைகிறது என்பது 2012-இல் வெளியானது. வளைந்த இறகுகளுக்கிடையே காற்று புகுவதால் உடலைப் போர்த்தியிருக்கும் காப்பு தளர்கிறது. ஒரு பிரதிதான் வேண்டும். இரண்டு பிரதிகள் உள்ள கோழியின் இறகுகள் எளிதில் ஒடிந்து, உடலின் பெரும்பகுதி வெறுமையாகிவிடும். சுருள் இறகுக் கோழிகளைத் தமக்குள் இணைத்தால் கால்பங்குக் குஞ்சுகள் அந்த நிலையில்தான் பிறக்கும்.

இரண்டு மரபணுக்களையும் ஒரே கோழியில் ஒவ்வொரு பிரதி சேர்த்து, வெவ்வேறு வெப்பநிலைகளில், வெவ்வேறு வளர்ச்சித் திறன் உள்ள பிராய்லர்களில் சோதித்தவர்களில் முதன்மையானவர் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அவிக்டோர் கஹானெர். அவருடைய குழுவின் ஆய்வுகளிலிருந்து நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி, இந்த மரபணுக்களின் பயன் கோழியின் வளர்ச்சித் திறனோடு சேர்ந்து உயர்கிறது என்பதுதான். வேகமாக வளரும் கோழி கூடுதலாக உண்கிறது, கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் வழி அதற்குத்தான் அவசரத் தேவை. மெதுவாக வளரும் இனத்தில் இதே மரபணு இருந்தாலும், எடையில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். சுருள் இறகின் தனிப் பயன் மொட்டைக்கழுத்தின் பயனைவிடச் சிறியது. உங்கள் கலப்பினத்தின் வளர்ச்சி வேகம் இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்டது என்பதால், முதலில் மொட்டைக்கழுத்தின் விளைவை ஐயமறத் தெரிந்துகொண்டு, சுருள் இறகை அதன்பின் சேர்ப்பதே முறை.

மறுமொழி: வெற்றுத்தோல்

கஹானெரின் பெயர் வந்ததால், இந்த வரிசையின் கடைசி எல்லையையும் குறிப்பிட்டாக வேண்டும். இறகே இல்லாத கோழி. 1957-இல் கலிபோர்னியாவில் விவரிக்கப்பட்ட ஒரு பிறழ்வு அது. இறகோடு கால் செதில்களும் உருவாவதில்லை. ஒடுங்கு பண்பு என்பதால் இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். எஃப்ஜிஎஃப் 20 என்னும் மரபணு பாதியிலேயே முறிந்து போனதே காரணம் என்பது 2012-இல் தெரியவந்தது.

அந்தப் பிறழ்வைப் பிராய்லர் இனத்துக்குள் பல தலைமுறைகள் பின்னிணைத்து, ஒரே பெற்றோருக்குப் பிறந்த இறகுள்ள, இறகற்ற கோழிகளை அருகருகே வளர்த்து ஒப்பிட்டது கஹானெரின் குழு. கடும் வெப்பத்தில் இறகுள்ள உடன்பிறப்புகளின் உடல் வெப்பநிலை ஏறி, வளர்ச்சியும் நெஞ்சு இறைச்சியும் சரிந்தபோது, இறகற்றவை தம் வளர்ச்சியைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டன. நெஞ்சு இறைச்சியின் பங்கும் உயர்ந்தது. உங்கள் முதல் கேள்விக்கு இது நேரடியாகப் பயன்படும். ஜிடிஎஃப் 7, கேஆர்டி 75, எஃப்ஜிஎஃப் 20 ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் செயல்படும் மரபணுக்கள். ஒன்று இறகு மொட்டுகளைத் தடுக்கிறது, ஒன்று தண்டை வளைக்கிறது, ஒன்று மொட்டே உருவாகாமல் செய்கிறது. இவ்வளவு வேறுபட்ட வழிகளில் வந்தும் மூன்றும் வெப்பத்தில் ஒரே திசையில் வளர்ச்சியை மாற்றுகின்றன என்றால், அந்த மாற்றம் இறகின் காப்பு குறைவதால் வருகிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் இறகற்ற கோழியை ஆய்வகத்துக்கு வெளியே பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வெயில், கொசு, நகக் கீறல் ஆகிய மூன்றுக்கும் அந்தத் தோல் திறந்து கிடக்கிறது. இறக்கை வீசி நிலை பெற முடியாததால் சேவல்கள் இணைவதற்கும் இடர்ப்படுகின்றன. அரிதாகப் பேசப்படும் இன்னொன்று: குளிர்ந்த இரவு ஒன்று வந்தால் அந்தக் கோழிக்குப் போர்வையே இல்லை. உயிரின் நலத்தைக் கருதும் எவரும் ஒரு பிரதி மொட்டைக்கழுத்தோடு நிறைவடைவதே நல்லது என்று நினைக்கிறேன்.

மறுமொழி: இசட் வழி

கணக்கிடும் முறையைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். எடையை விளக்கும் காரணிகளாகப் பாலினம், தந்தைச் சேவல், பொரித்த தொகுதி, வளர்ந்த காலம், கழுத்தின் நிலை ஆகியவற்றை ஒன்றாக வைத்து ஆராயுங்கள். கழுத்தின் நிலைக்கும் காலத்துக்கும் உள்ள ஊடாட்டத்தை, அதாவது ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவதை, தவறாமல் சேருங்கள். நீங்கள் தேடும் செய்தி அந்த ஊடாட்டத்தில்தான் இருக்கிறது. வெப்பக் காலமும் குளிர்க்காலமும் சேர்ந்த சராசரியை எடுத்தால், ஒன்றில் வந்த ஆதாயமும் மற்றொன்றில் வந்த இழப்பும் ஒன்றையொன்று அழித்து, மரபணுவுக்கு விளைவே இல்லை என்பதுபோல் காட்டும். காலத்தின் பெயரை எழுதுவதற்குப் பதிலாகக் கொட்டகையின் அன்றாட வெப்பநிலையையே பதிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

பொரித்த அன்றே ஒவ்வொரு குஞ்சுக்கும் இறக்கைப் பட்டை கட்டி, இறக்கை இறகின் நிலையையும், கழுத்தின் நிலையையும், முன்கழுத்துக் கொத்து உண்டா என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள். அறுத்தபின் உள்ளுறுப்பைப் பார்த்து ஆண் பெண்ணை உறுதி செய்யுங்கள். அறுப்பதற்குமுன் உயிர் எடை, இறகு நீக்கியபின் எடை, குடல் நீக்கியபின் எடை, நெஞ்சு இறைச்சி, தோல் ஆகிய ஐந்தையும் தனித்தனியாக நிறுத்துக் குறித்தால், முன்னவர் சொன்ன 25 கிராம் இறகு உங்கள் கோழிகளில் உண்மையில் எவ்வளவு என்பது முதல் தொகுதியிலேயே தெரிந்துவிடும். இறகை நீக்குவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் எடைகளில் ஈரம் புகுந்து கணக்கைக் குலைக்காதபடி, வெந்நீரில் முக்குவதற்குப் பதிலாகச் சில கோழிகளையாவது உலர்ந்த நிலையிலேயே இறகு பறித்து நிறுத்துப் பாருங்கள்.